கலிஃபோர்னியா பள்ளி வகுப்பறைக்கு உதவப் போகும் ஆய்வு மாணவர்களுக்கு: கைரேகை முதல் முதல் பீரியடு வரை

செப்டம்பர் முதல் வாரத்தில் வகுப்பில் உதவ வரலாமா என்று நான் கேட்டதற்கு, ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை ஒருவர் "தாராளமா வாங்க, அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம்" என்ற பொருளில் பதில் எழுதினார். நான் அவருடைய வகுப்புக்குள் நுழைந்தது ஜனவரி மூன்றாம் வாரம். நடுவில் கைரேகை இரண்டு முறை, காசநோய்ச் சோதனை இரண்டு விதம், பெயர்க் குழப்பத்தால் தொலைந்துபோன ஐந்து வாரம். அத்தனை நாளும் அந்த வகுப்பில் 34 பிள்ளைகள், ஒரே ஆசிரியை.

நம் ஊரிலிருந்து வந்து கலிஃபோர்னியாவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் என்று முதுநிலையோ பிஎச்டியோ படிக்கிறவர்கள் வாரம் ஒரு நாள் பக்கத்து அரசுப் பள்ளியில் போய் உதவ நினைத்தால், இந்த வரிசையில் செய்யுங்கள். வேறு மாநிலத்தில் இருந்தால் படிவங்களின் பெயரும் கட்டணமும் மாறும், வரிசை பெரும்பாலும் இதுதான்.

1. முதலில் ஆசிரியரைப் பிடியுங்கள், அலுவலகத்தை அல்ல

பள்ளி நிர்வாகத்தின் பொது மின்னஞ்சலுக்கு எழுதினால் பதில் வராமலே போகலாம். எனக்கு அப்படித்தான் ஆனது. பள்ளியின் இணையதளத்தில் ஆசிரியர் பட்டியல் துறைவாரியாக இருக்கும். அறிவியல், கணித ஆசிரியர்கள் நாலைந்து பேருக்குத் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே கடிதத்தை எல்லோருக்கும் சேர்த்து அனுப்ப வேண்டாம்.

கடிதம் ஆறு வரி போதும். யார், எந்தத் துறை, எந்த நாள், எந்த நேரம், எத்தனை வாரம், என்னென்ன செய்ய முடியும். "மாணவர்களுக்கு அறிவியல் ஆர்வத்தை ஊட்ட விரும்புகிறேன்" என்பதைவிட "செவ்வாய்க்கிழமை 2ஆம், 3ஆம் பீரியடுக்கு 12 வாரம் வர முடியும், செய்முறை நாளில் மேசை மேசையாக உதவுவேன்" என்பதற்குத்தான் பதில் வரும். ஆசிரியருக்கு வேண்டியது நம்பி எழுதி வைத்துக்கொள்ள ஒரு கிழமையும் ஒரு நேரமும்தான்.

எந்த வகுப்பு என்று கேட்டால், பள்ளியிலேயே கல்லூரி அளவுப் பாடம் நடக்கும் ஏபி வகுப்பைக் கேட்காதீர்கள். அங்கே இருக்கிற பிள்ளைகளில் பலருக்கு வீட்டிலும் வெளியிலும் ஏற்கெனவே உதவி இருக்கும். ஒன்பதாம் வகுப்பு அறிவியல், அல்ஜீப்ரா 1 இரண்டும்தான் உங்களுக்கு உரிய இடம் என்பது என் உறுதியான கருத்து. அல்ஜீப்ரா 1இல் தடுக்கி விழுந்த பிள்ளை அடுத்த மூன்று வருடமும் நொண்டிக்கொண்டே போகிறது.

கடிதம் அனுப்ப நல்ல நேரம் மே மாதக் கடைசி. ஏபி தேர்வுகள் மே முதல் இரண்டு வாரத்தில் முடிந்து ஆசிரியர்கள் கொஞ்சம் மூச்சு விடுவார்கள். பெரும்பாலான பள்ளிகள் ஆகஸ்ட் நடுவில் திறந்துவிடும். உங்கள் பல்கலைக்கழகம் செப்டம்பர் கடைசியில்தான் திறக்கும் என்றால், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இணையத்தில் தேடும்போது ஜிகே-12 என்ற தேசிய அறிவியல் அறக்கட்டளைத் திட்டத்தின் பழைய பக்கங்கள் வரும். ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பிய திட்டம் அது. 2011க்குப் பிறகு அதில் புதிய நிதி இல்லை. அதற்கு விண்ணப்பம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் பள்ளிகளோடு தொடர்பு வைத்திருக்கும் அவுட்ரீச் அலுவலகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கீழே சொல்வதில் பாதி வேலையை அவர்களே செய்து கொடுப்பார்கள்.

2. ஆய்வை வழிநடத்தும் அட்வைசரிடம் மணிக்கணக்கைச் சொல்லியே சம்மதம் வாங்குங்கள்

"வாரம் இரண்டு மணி நேரம்" என்று சொல்லிவிட்டு ஐந்து மணி நேரம் காணாமல் போனால் மனக்கசப்புதான் வரும். இரண்டு பீரியடு என்றால் போக வர, முன்தயாரிப்பு எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம். அதை அப்படியே சொல்லுங்கள். அவருடைய ஆய்வு நிதி தேசிய அறிவியல் அறக்கட்டளையிலிருந்து வருகிறது என்றால், ஆய்வால் சமூகத்துக்கு என்ன பயன் என்று திட்ட முன்மொழிவிலும் ஆண்டறிக்கையிலும் அவர் எழுத வேண்டியிருக்கும். உங்கள் பள்ளி வேலை அதற்கு உதவும் என்பதை நினைவுபடுத்தலாம், தவறில்லை. பேசி முடித்த அன்றே "இன்று பேசியபடி செவ்வாய் காலை" என்று ஒரு மின்னஞ்சல் போட்டு வைத்துவிடுங்கள்.

3. விசா: காசு என்ற பேச்சு வந்தாலே நிறுத்துங்கள்

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது சின்னச் சின்னத் தொகைகளில். "பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு கிஃப்ட் கார்டு, வருடக் கடைசியில் ஒரு மதிப்பூதியம், பள்ளி முடிந்த பிறகு மணிக்கு இவ்வளவு என்று ட்யூஷன். அன்போடு கொடுப்பார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள்.

சம்பளம் வாங்காமல் செய்தால் எல்லாமே தன்னார்வம் ஆகிவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்யவைக்கும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தால் அது வேலையாகவே கணக்கில் வரலாம். ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்று உதவுவது வேறு, வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பை நடத்துவது வேறு. "இன்னைக்கு மட்டும் பார்த்துக்கோங்க" என்று யார் கேட்டாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

செய்யப்போகும் வேலையை நாலு வரியில் எழுதி, சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு அனுப்பி, "இது சரிதானா" என்று கேளுங்கள். நேரில் போய்க் கேட்டு வாய்ப்பேச்சாகப் பதில் வாங்கிவராதீர்கள். எழுத்தில் பதில் வர இரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால், ஆசிரியர் சரி சொன்ன அன்றே இதை அனுப்பிவிடுங்கள். உதவித்தொகை தரும் திட்டம் ஏதாவது உங்கள் பல்கலைக்கழகத்திலேயே இருந்தால், படிப்பு நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்பில் பேராசிரியருக்குக் கற்பித்தலில் உதவும் உங்கள் டிஏ வேலையும் சேர்ந்து வரும் என்பதை அவர்களிடமே கணக்குப் போட்டுக் கேளுங்கள்.

4. உங்கள் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள்

எனக்கு ஐந்து வாரத்தைத் தின்றது இதுதான். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், விசாவில் அது குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முன்பெயர் இடத்தில் எஃப்என்யு (முன்பெயர் தெரியவில்லை) என்று ஏறிவிடும். அப்பா பெயரைச் சேர்த்திருப்பவர்களுக்கு ஒரு அட்டையில் முன்னாலும் இன்னொரு அட்டையில் பின்னாலும் இருக்கும்.

நான் பள்ளி நிர்வாகத்தின் படிவத்தில் என் பெயர், அப்பா பெயர் என்று எழுதினேன். கைரேகை எடுக்கும் கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டினேன், அதில் இருந்தபடி அவர்கள் தட்டச்சு செய்தார்கள். முடிவு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தப் பெயரில் அவர்களிடம் விண்ணப்பமே இல்லை. "இன்னும் வரவில்லை" என்றே ஐந்து வாரமும் பதில்.

ஆகவே ஒரு அடையாள அட்டையைத் தேர்ந்தெடுங்கள், பாஸ்போர்ட்டோ கலிஃபோர்னியா ஐடியோ. அதில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே தன்னார்வலர் படிவம், கைரேகைப் படிவம், மருத்துவச் சான்று மூன்றிலும் எழுதுங்கள். மற்ற வடிவங்களை "வேறு பெயர்கள்" என்ற கட்டத்தில் போடுங்கள்.

5. லைவ் ஸ்கேன் என்னும் கைரேகைச் சோதனை

பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் தன்னார்வலருக்குப் பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்கள்) இதைக் கேட்கும். நகல் கடை, அஞ்சல் பெட்டிக் கடை, சில காவல் நிலையங்கள் என்று பல இடத்தில் எடுப்பார்கள். முக்கியமான எச்சரிக்கை: இணையத்திலிருந்து வெற்றுப் படிவத்தை இறக்கிக்கொண்டு போகாதீர்கள். பள்ளி மாவட்டத்தின் ஓஆர்ஐ குறியீடு அச்சிட்ட படிவத்தை அவர்களிடமிருந்தே வாங்குங்கள். முடிவு உங்களுக்கு வராது, அந்தக் குறியீட்டுக்கு உரிய அலுவலகத்துக்குத்தான் போகும். குறியீடு தப்பினால் காசும் நாளும் போச்சு.

கட்டணம் மூன்று துண்டாக இருக்கும். மாநில நீதித் துறைக்கு வழக்கமாக 32 டாலர், எஃப்பிஐக்கு 17 டாலர், அப்புறம் கடைக்காரர் கைரேகை எடுப்பதற்கு வாங்குவது. இந்தக் கடைசித் தொகை கடைக்குக் கடை வேறுபடும், நான் கேட்ட நாலு கடையில் 20 முதல் 40 டாலர் வரை இருந்தது. தன்னார்வலருக்குச் சலுகை உண்டா, பள்ளி மாவட்டமே கட்டுகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். அவர்கள் கட்டுவதாக இருந்தால் படிவத்தில் பில்லிங் எண் இருக்கும்.

ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு செய்தி. நாள் முழுக்கக் கையுறை, அசிட்டோன், அடிக்கடி கை கழுவல் என்று இருந்தால் விரல் நுனி தேய்ந்து காய்ந்திருக்கும். என் வலது கையின் இரண்டு விரல்களில் ரேகை வரவே இல்லை. கைரேகை எடுத்த பெண் கண்ணாடியில் என் விரலை மறுபடி மறுபடி அழுத்தி உருட்டினார், திரையில் வெறும் சாம்பல் திட்டுதான். மூன்று வாரம் கழித்து "தெளிவில்லை, மறுபடி எடுக்கவும்" என்று வந்தது. போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் கைக்குத் தேங்காய் எண்ணெயோ லோஷனோ தடவுங்கள். போகிற அன்று மட்டும் கை உலர்ந்து இருக்கட்டும். மறுபடி எடுக்கச் சொன்னால் பழைய படிவத்தையும் வந்த கடிதத்தையும் கொண்டு போங்கள், அரசுக் கட்டணத்தை மறுபடி கட்டாமல் தப்பலாம்.

படிவத்தின் அடியில் ஏடிஐ எண் என்று ஒன்று எழுதித் தருவார்கள். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்து மாநில நீதித் துறையின் தளத்தில் நிலவரம் பார்க்கலாம். நான் இதை அறிந்திருந்தால், முடிவு எப்போதோ போய்விட்டது, சிக்கல் பெயரில்தான் என்று மூன்றாம் நாளே கண்டுபிடித்திருப்பேன்.

இன்னொன்று, பல்கலைக்கழக வேலைக்காக ஏற்கெனவே எடுத்த லைவ் ஸ்கேன் இங்கே செல்லாது. ஒரு அமைப்புக்குப் போன முடிவை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. பள்ளி மாவட்டம் மாறினாலும் புதிதாக எடுக்க வேண்டும்.

6. காசநோய்ச் சான்று: இரத்தப் பரிசோதனை கேளுங்கள்

நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கலிஃபோர்னியாவில் 2015 முதல் எல்லோருக்கும் சோதனை என்றில்லாமல், முதலில் ஒரு கேள்வித்தாள். காசநோய் அதிகமுள்ள நாட்டில் பிறந்தீர்களா, ஒரு மாதமாவது இருந்தீர்களா என்று அதில் ஒரு கேள்வி. நமக்கு விடை "ஆம்". எனவே நமக்குச் சோதனை உறுதி.

சோதனை இரண்டு வகை. ஒன்று, முன்கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் வீக்கத்தை அளப்பது. நாமெல்லாம் பிறந்ததும் பிசிஜி தடுப்பூசி போட்டவர்கள். அந்தத் தடுப்பூசியாலேயே, நோய்த்தொற்று இல்லாதவருக்கும் கை வீங்கலாம். எனக்கு ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக வீங்கியது. பாசிட்டிவ் என்று எழுதிவிட்டார்கள், மார்பு எக்ஸ்ரே எடுக்கும்வரை எல்லாம் நின்றது.

இன்னொன்று ஐக்ரா எனப்படும் இரத்தப் பரிசோதனை. பிசிஜி இதைக் குழப்பாது, ஒரே தடவை போனால் போதும், சில நாளில் முடிவு வரும். "எனக்கு பிசிஜி போட்டிருக்கிறது, இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்" என்று மாணவர் நல மையத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் கைக்கு ஊசிதான். மாணவர் காப்பீட்டில் அடங்குமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ் என்றால் பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். எக்ஸ்ரே சரியாக இருந்தால் பள்ளிக்குப் போகத் தடையில்லை. உடலுக்குள் உறங்கும் தொற்றுக்கு மருந்து உண்டு, மருத்துவரிடம் பேசுங்கள். எத்தனை நாளுக்குள் எடுத்த சான்று வேண்டும் என்று பள்ளி மாவட்டத்திடம் கேட்டுவிட்டே எடுங்கள். கிடைத்த சான்று வழக்கமாக நாலு வருடம் செல்லும்.

7. எவ்வளவு நாள், எவ்வளவு காசு

சர்வதேச மாணவர் அலுவலகப் பதில், கைரேகை, காசநோய்ச் சான்று மூன்றும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க வேண்டியதில்லை. நான் ஒன்று முடிந்து அடுத்தது என்று போனேன், தவறு. மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் நாலிலிருந்து ஆறு வாரத்தில் முடியும். கைரேகையும் சின்னச் செலவுகளும் சேர்த்து 100 டாலர் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பள்ளி பேருந்துத் தடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், பல பல்கலைக்கழகங்களின் மாணவர் அட்டைக்கு உள்ளூர்ப் பேருந்து இலவசம்.

8. முதல் இரண்டு வாரம் சும்மா உட்காருங்கள்

கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் பொதுவாகக் காலை 8:30க்கு முன் தொடங்குவதில்லை, 2022இலிருந்து சட்டமே அப்படி. 20 நிமிடம் முன்னால் போங்கள். முன் அலுவலகத்தில் அடையாள அட்டை காட்டி, கையெழுத்துப் போட்டு, ஒட்டு அட்டை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும்தான்.

முதல் நாளே ஆசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பிள்ளைகள் உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்? ஆபத்து நேரத்தில் கதவைப் பூட்டி உள்ளேயே இருக்கச் சொல்லும் லாக்டவுன் அறிவிப்பு வந்தால் நீங்கள் எங்கே நிற்க வேண்டும், கதவை யார் பூட்டுவது? இரண்டாவது கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம் பின் வரிசையில் உட்கார்ந்து கவனியுங்கள். நாம் படித்த முறையில் முதலில் வரையறை, அடுத்து சூத்திரம், கடைசியில் எடுத்துக்காட்டு. கலிஃபோர்னியா 2013இல் ஏற்றுக்கொண்ட அறிவியல் பாடத் தரங்கள் இதைத் தலைகீழாக்குகின்றன. முதலில் ஒரு நிகழ்வைக் காட்டுவார்கள், பிள்ளைகள் பார்த்து வாதாடுவார்கள், பெயரும் சூத்திரமும் பிறகு வரும்.

என் மூன்றாவது வாரத்தில் நடந்தது. இரண்டு கண்ணாடிக் குவளை, ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்நீர், இரண்டிலும் ஒரு சொட்டு நீல உணவுச் சாயம். வெந்நீரில் சாயம் புகையாகச் சுருண்டு பரவுகிறது, குளிர்நீரில் நூல் மாதிரி கீழே இறங்கி நிற்கிறது. ஒரு பையன் "சூடான தண்ணி சாயத்தைத் தள்ளுது" என்றான், பக்கத்துப் பெண் "இல்லை, தண்ணியே ஓடிக்கிட்டு இருக்கு" என்றாள். நான் உதவுவதாக நினைத்து "இதுக்குப் பேர் டிஃப்யூஷன், வெப்பம் கூடினால் மூலக்கூறு வேகம் கூடும்" என்று சொல்லிவிட்டேன். இருவரும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த மேசையில் பேச்சு அத்தோடு நின்றது. பக்கத்து மேசைகளில் பத்து நிமிடம் வாதம் ஓடியது. இடைவேளையில் ஆசிரியை என்னிடம் சொன்னார்: "அடுத்த முறை, 'அப்படி ஏன் நினைக்கிறாய்?' என்று மட்டும் கேளுங்கள்." இன்றுவரை நான் மேசைகளில் அதிகம் சொல்லும் வாக்கியம் அதுதான்.

9. நம் கணக்குப் பேச்சை மாற்றிக்கொள்ளுங்கள்

ஆங்கிலம் நன்றாக வரும் என்பதால் இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. அல்ஜீப்ரா வகுப்பில் ஒரு பெண்ணிடம் "ஃபைவ் இன்டு ஃபிஃப்டீன்" எவ்வளவு என்று கேட்டேன். அவள் 3 என்று எழுதினாள். நமக்கு "இன்டு" என்றால் பெருக்கல், விடை 75. அவளுக்கு 15இல் 5 எத்தனை தடவை போகும் என்று அர்த்தம், விடை 3. அவள் ஊரில் அவள் எழுதியதுதான் சரி. தப்பு என்று சொல்லப் போன நேரத்தில் ஆசிரியை வந்து காப்பாற்றினார். கணக்கில் ஏற்கெனவே நம்பிக்கை இழந்த பிள்ளையிடம் சரியான விடையைத் தப்பென்று சொல்லியிருப்பேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை. "டைம்ஸ்" என்று சொல்லப் பழகுங்கள்.

நேர்கோட்டுச் சமன்பாட்டை நாம் ஒய் சமம் எம்எக்ஸ் கூட்டல் சி என்று படித்தோம். இங்கே சி இல்லை, பி. கடைசி ஆங்கில எழுத்து இங்கே "ஸீ", "இசட்" என்றால் விழிப்பார்கள். செயல் வரிசைக்கு நம் பாட்மாஸ் இங்கே பெம்டாஸ். எச்சிஎஃப் இங்கே ஜிசிஎஃப். சர்டு என்ற சொல் தெரியாது, ராடிக்கல் என்பார்கள். இணைப்பக்கம் ஒரு சோடி உள்ள நாற்கரத்தை நாம் ட்ரபீசியம் என்போம், இங்கே அது ட்ரபிசாய்டு. ட்ரபீசியம் என்று சொன்னால் இணைப்பக்கமே இல்லாத உருவம் என்று அர்த்தமாகிவிடும். போவதற்கு முந்தின இரவு அந்த வாரப் பாடப்பக்கத்தை ஆசிரியரிடம் வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இருக்காது.

10. கட்டாயம் தவிர்க்க வேண்டியவை

பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து எந்த வேதிப்பொருளையும், எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும், பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கருவி எடுத்துப் போவதானால் துறையில் எழுதிக்கொடுத்து வாங்குங்கள். லேசர் பாயின்டர் கொண்டுபோகும் முன் ஆசிரியரிடம் கேளுங்கள். பாடத்துக்கு அல்லாமல் மாணவர் அதைப் பள்ளியில் வைத்திருப்பதே இந்த மாநிலத்தில் சட்டப்படி தவறு, எனவே அதை மேசையில் விட்டுவிட்டு நகரக்கூடாது.

எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டாம். தொலைபேசி எண், இன்ஸ்டாகிராம் எதையும் பரிமாறிக்கொள்ள வேண்டாம். பாடச் சந்தேகமாக இருந்தாலும் ஆசிரியர் வழியாகத்தான். பிள்ளைகள் முகம் தெரியும் படம் எடுக்காதீர்கள், மதிப்பெண் விவரத்தை வெளியே பேசாதீர்கள். பிள்ளை ஒன்று வீட்டில் அடி, பசி, பயம் என்று ஏதாவது சொன்னால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அன்றே, வகுப்பு முடிந்ததும், ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

வர முடியாத நாளை முந்தின நாள் மாலைக்குள் சொல்லிவிடுங்கள். உங்களை நம்பி ஆசிரியர் செய்முறையை அந்த நாளில் வைத்திருப்பார்.

11. கோப்பு ஒன்று போட்டு வையுங்கள்

சர்வதேச மாணவர் அலுவலகப் பதில், அட்வைசர் மின்னஞ்சல், லைவ் ஸ்கேன் படிவ நகல், காசநோய்ச் சான்று, போன தேதிகளும் மணிநேரமும் எழுதிய ஒரு பக்கம். இவை ஐந்தும் ஒரே இடத்தில் இருக்கட்டும். மே மாதத்தில் அடுத்த வருடம் தொடர்வீர்களா என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அதே பள்ளி மாவட்டம் என்றால் கைரேகை மறுபடி வேண்டுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள், பெரும்பாலும் படிவத்தைப் புதுப்பித்தால் போதும். நீங்கள் பட்டம் வாங்கிப் போவதாக இருந்தால், உங்கள் ஆய்வகத்திலோ துறையிலோ அடுத்து வரக்கூடிய ஒருவரை ஏப்ரலிலேயே ஒரு நாள் கூட்டிப்போய் அந்த ஆசிரியருக்கு அறிமுகம் செய்துவையுங்கள். அவருடைய லைவ் ஸ்கேனும் காசநோய்ச் சான்றும் கோடை விடுமுறைக்குள் முடிந்தால், ஆகஸ்டில் பள்ளி திறக்கும் முதல் வாரமே அவர் உள்ளே போய்விடலாம்.